திரும்பி வந்த சம்மதம்

காலை ஒன்பதே காலுக்கு அந்த டிக்கெட் வந்தபோது ஸ்ரீவராகத்தில் மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் இன்னும் விடாமல் பெய்துகொண்டிருந்தன.

கம்பெனியில் யாருக்கு என்ன மெயில் தொல்லை என்றாலும் அது ஒரு டிக்கெட்டாகச் சீதாலக்ஷ்மியின் லேப்டாப்பில் வந்து விழும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை. இன்று அப்படி ஒரு நாள். ஈரம் படர்ந்த ஜன்னலோரம் உட்கார்ந்து அதை ஒரு முறை படித்தாள். பிறகு, வேறு யாருக்கோ வந்ததைப் போல இன்னொரு முறை படித்தாள்.

வெள்ளையருவி எஸ்டேட், உதவி மேலாளர் செல்வின், இன்றோடு பணியிலிருந்து விடுவிப்பு. மாலை ஐந்து மணிக்கு அவருடைய மெயில்பாக்ஸை மூடவும். கீழே ஹெச்.ஆர். ஜிஜியின் பெயர்.

மூட வேண்டியவள் சீதா. தலைமை அலுவலகம், மலைமேல் மூன்று எஸ்டேட்டுகள், மொத்தம் நூற்று நாற்பது பேர். அத்தனை பேருடைய மெயிலுக்கும் அவள்தான் சாவிக்காரி.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. மூன்று வாரங்களுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, செல்வின் எஸ்டேட்டிலிருந்து அவளுக்கு எழுதியிருந்தான். கென்யாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. உனக்குச் சம்மதம் என்றால் நான் போகவில்லை. உன் அப்பாவை வந்து பார்க்கிறேன். சம்மதம் இல்லையென்றால் பதில் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம், புரிந்துகொள்வேன். போனில் மட்டும் சொல்லாதே. போனில் நீ யாரையும் மறுத்து நான் கேட்டதில்லை.

போனில் சொல்ல நினைத்தாலும் அது எளிதில்லை. வித்துரா தாண்டி, போனக்காட்டுப் பாதையில் பிரிந்து ஏறினால் மொபைலுக்கு ரேஞ்ச் கிடையாது. மேலே இருப்பவை எஸ்டேட் ஆபீசின் ஒரு லேண்ட்லைனும் மூன்று கம்ப்யூட்டர்களும்தான்.

சீதா மூன்று நாள் யோசித்தாள். திங்கட்கிழமை காலை பதில் எழுதினாள். எனக்குச் சம்மதம். அப்பாவிடம் முதலில் நான் பேசுகிறேன்.

பேசவும் பேசினாள். பாறசாலைப் பக்கத்துச் சர்ச் குடும்பத்துப் பையன் என்றதும் அம்மா எழுந்து உள்ளே போனாள். பத்து நாள் வீட்டுக்குள்ளேயே பேசாமல் இருந்து பார்த்துவிட்டு, நான்கு நாளைக்கு முன்னால் சுசீந்திரத்தில் மாமா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற அப்பா சேஷன் அன்றிலிருந்து சமைக்கிறார். இதெல்லாம் நடந்தும் செல்வினிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வந்தது, அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான் என்ற செய்திதான்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் சம்மதம் என்று சொல்லிவிட்ட பிறகு, ஏன் பேசவில்லை என்று வேறு கேட்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு, மற்றவர்களின் பூட்டுகளைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஏனென்றால் செல்வின் எழுதிய அந்த வியாழனுக்கும் அவள் பதில் எழுதிய திங்களுக்கும் நடுவிலிருந்த வாரக் கடைசியில்தான் கம்பெனியின் மெயில் முழுவதும் கிளவுடுக்குக் குடிபோயிருந்தது. ஆபீஸ் மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய சர்வரிலிருந்து ஒவ்வொரு மெயில்பாக்ஸாக மேலே ஏற்றியவள் சீதா. அவளுக்கு அது ஒரு மலைச்சரிவு ஊர் போலத் தோன்றும். தூங்குகிறவர்களை எழுப்பாமல், அடுப்பில் இருப்பது சிந்தாமல், நூற்று நாற்பது வீடுகளையும் மெதுவாகத் தூக்கி மூடுபனிக்குள் வைத்துவிட்டு வந்த மாதிரி. விடிந்ததும் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் கதவைத் தேடுவார்கள். அவள் ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கொண்டுபோய் விடுவாள்.

குடிமாறிய பிறகு, ஒரு வீட்டை மூடச் சொல்லி அவளுக்கு வந்த முதல் உத்தரவு இதுதான்.

பத்தரை மணிக்கு வெள்ளையருவி லேண்ட்லைனிலிருந்து ஹெட்கிளார்க் ராஜையன் கூப்பிட்டார். அந்தப் போனின் ரிசீவர் உடைந்து மாதங்களாகிறது. ஸ்பீக்கரில்தான் பேச முடியும். ஆபீஸில் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும்.

"ஒரு ரக்ஷையும் இல்ல மேடம்," என்றார் ராஜையன். "நேத்து பாஸ்வேர்டு மாத்தினேன் கேட்டியளா. அதுலேருந்து கொடுத்தா பின்னெயும் கேக்குது, கொடுத்தா பின்னெயும் கேக்குது. எங்க மாமியாரு மாதிரி."

இன்னொரு குறையும் அவருக்கு இருந்தது. மூன்று வாரத்தில் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறார். வேலை நடக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நீளமாகப் பதில் வந்ததாம். மரியாதையாக எழுதியிருக்கிறார்களே என்று பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறாராம்.

அந்த நீளமான பதில் என்னவாக இருக்கும் என்று சீதாவுக்குத் தெரிந்தது. சேர முடியாமல் திரும்பிய மெயிலோடு சர்வர் அனுப்பும் அறிவிப்பு. குடிமாற்றத்தின்போது அப்படி நூற்றுக்கணக்கில் வந்து குவியும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். எந்த மெயில் திரும்பி வந்தாலும் அது கண்ணில் படாமல் நேராகத் தனி ஃபோல்டருக்குப் போய்விடும், படித்ததாகவும் குறிக்கப்பட்டுவிடும். மற்றவர்களுக்கு வருவதன் நகலும் அங்கேயே. ஃபோல்டருக்கு 'அப்புறம் பார்க்க' என்று பெயர் வைத்திருந்தாள். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு ஃபோல்டரைத் திறந்து வெள்ளையருவி என்று தேடினாள். மூன்று வந்தன. இரண்டு ராஜையனுடையவை.

மூன்றாவது அவளுடையது.

எனக்குச் சம்மதம் என்ற வரி, யாராலும் தொடப்படாமல், அறிவிப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாள், திங்கட்கிழமை. நேரம், எட்டு நாற்பத்தொன்று. அவள் அனுப்பிய அதே நிமிஷம் திரும்பியிருக்கிறது.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. பழைய கடிதத்தின் மேல் செல்வின் என்ற பெயர்தான் தெரியும். அந்தப் பெயருக்கு அடியில் இருப்பதோ, பழைய சர்வர் தன் வசதிக்காக வைத்திருந்த ஒரு முகவரி. குடிமாறிய பிறகு அந்தக் கடிதத்துக்கே பதில் அனுப்பினால், அது இல்லாத வீட்டைத் தேடிப்போய்த் திரும்பிவிடும். புதிய கடிதம் எடுத்து, முகவரியை எழுத்தெழுத்தாக அடித்தால் போய்ச் சேரும். பழைய மெயில்களுக்குப் பதில் அழுத்தாதீர்கள் என்று ஞாயிறு இரவு நூற்று நாற்பது பேருக்கும் சிவப்பு எழுத்தில் சுற்றறிக்கை அனுப்பியவளே அவள்தான்.

மறுநாள் காலை, அவன் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நெஞ்சு அடித்துக்கொள்ள, அதிலேயே பதிலை அழுத்தியிருக்கிறாள். சுற்றறிக்கை காதல் கடிதத்துக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மேடம்? லைனிலே உண்டா?" என்றது ஸ்பீக்கர்.

அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள். வைப்பதற்கு முன், குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, செல்வின் சாரைப் பற்றிக் கேட்டாள். லேப்டாப்பும் கம்பெனி சிம்மும் நேற்றே ஒப்படைத்தாயிற்று என்றார் ராஜையன். இப்போது தொழிலாளர் லயங்களில் வீடு வீடாகச் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறார். மூன்றரைக்கு ஜீப். அதிலேயே நேராக விமான நிலையம்.

புது நம்பர் அவளிடம் இல்லை. அவன் வீட்டு நம்பரும் இருந்ததில்லை. ஐந்து மணிக்கு மெயில்பாக்ஸும் மூடிவிட்டால், பதில் எழுதாத பெண் ஒருத்தி என்று அவளை நினைத்துக்கொண்டே அவன் கடல் தாண்டிவிடுவான்.

மாடிப் படியில் காலடி கேட்டது. அப்பா காப்பி டம்ளரோடு வந்தார். தோளில் ஈரத் துண்டு. கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது.

"மொளகூட்டல் கொஞ்சம் அடி பிடிச்சுடுத்து," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "என்னடீ சீதே?"

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். சேஷன் கண்ணாடியைத் தேடி, அது நெற்றியிலேயே இருப்பதைக் கண்டு, இறக்கிப் போட்டுப் படித்தார். அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கப் பத்து வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை.

"அப்போ இது அவனுக்குக் கிடைக்கவே இல்லையா?"

"இல்லைப்பா."

"போய்ச் சேராத ஒரு லெட்டருக்கா உங்கம்மா சுசீந்திரத்துல உட்கார்ந்துண்டிருக்கா?"

சீதாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து கண்ணீரும் வந்துவிட்டதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேஷனின் பார்வை அடுத்திருந்த டிக்கெட்டுக்குப் போனது. மாலை ஐந்து மணி. அவர் அதைப் படித்ததும், படித்ததன் அர்த்தம் அவருக்குள் மெல்ல இறங்கியதும் அவளுக்குத் தெரிந்தது. இன்று ஐந்து மணி வரை யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். அம்மா திரும்பி வந்துவிடுவாள். தெருவில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வேண்டாம் என்று அவர் வாய் திறந்து சொல்லக்கூடத் தேவையில்லை.

அப்பா கீழே இறங்கிப் போனார்.

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கிழக்கே, பொன்முடி இருக்கும் திசையில் வானமும் மலையும் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்து கிடந்தன. ஆபீஸ் வேலையாக ஒரே ஒரு தடவை அவள் அந்த எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறாள். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத ஒரு மத்தியானம். இடது பக்கம் சரிவு, என் குரலைப் பிடித்துக்கொண்டே வாங்க என்று சொல்லிக்கொண்டு செல்வின் முன்னால் நடந்தான். ஆள் தெரியவில்லை. தேயிலை வாசனையும் அந்தக் குரலும் மட்டும். அன்று முழுவதும் அவள் தரையில் நடந்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

அவனுடைய மெயில்பாக்ஸைத் திறந்து பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த அதிகாரம் அவளிடம் இருக்கிறது. இந்த மூன்று வாரமும் இருந்தது. ஒரு தடவைகூட அந்தச் சாவியை அவள் திருப்பவில்லை. இன்றும் திருப்பத் தோன்றவில்லை.

கால் மணி கழித்து அப்பா மறுபடி ஏறி வந்தார். கையைக் கழுவித் துடைத்திருந்தார்.

"நீ அவனுக்கு எழுது," என்றார். "போய்ச் சேரட்டும். அப்பறம் நான் வேண்டாம்னு சொல்றேன்."

"அப்பா..."

"சொல்லத்தான் போறேன். ஆனா ஒரு மிஷின் நேக்குப் பதிலா வேண்டாம்னு சொல்லிட்டுப் போகப்படாது. அது நன்னாயில்லை."

அவர் இறங்கிப் போன பிறகு சீதா புதிய கடிதம் ஒன்றைத் திறந்தாள். செல்வின் பெயரில் இரண்டு எழுத்து அடித்ததும் பழைய முகவரி தானாகவே வந்து நின்றது. அதை அழித்தாள். முழு முகவரியையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பிறகு எழுதினாள்.

*மூன்று வாரத்துக்கு முன்னால் நான் எழுதியது உங்களுக்கு வரவில்லை. தவறு என்னுடையது. நூற்று நாற்பது பேருக்குச் செய்யாதே என்று சொன்னதை நானே செய்தேன். எனக்குச் சம்மதம் என்று அன்று எழுதினேன். அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது, எழுதுவது சுலபமாக இருந்தது. இப்போது அப்பா வேண்டாம் என்று சொல்லப்போகிறார். அம்மா கோபித்துக்கொண்டு சுசீந்திரத்தில் இருக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம்.*

அனுப்பினாள். இந்த முறை எதுவும் திரும்பி வரவில்லை. சேர்ந்துவிட்டது என்று பதிவேடு காட்டியது. ஆனால் சேர்ந்த வீட்டில் ஆள் இல்லை.

ராஜையனைக் கூப்பிட்டாள். முதலில் அவருடைய தொல்லையைத் தீர்த்தாள். கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை எங்கே போய் அழிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்து, அணைத்துப் போடச் சொன்னாள். திறந்துகொண்டது. அறுபது மெயில் மழை மாதிரி இறங்குதே என்று அவர் வியந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சொன்னாள். சப்போர்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு கம்ப்யூட்டரிலா, ஆளுடைய மெயில்பாக்ஸிலா என்று உறுதிப்படுத்த, அதே கம்ப்யூட்டரில் இன்னொருவருடைய மெயில்பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள். அதைச் செய்ய வேண்டும். செல்வின் சாரை அழைத்துவந்து, அவருடைய மெயிலைத் திறக்கச் சொல்லுங்கள்.



"டெஸ்ட் பண்ண செல்வின் சார் தன்னே வேணுமா மேடம்? அவரு ஆறாம் நம்பர் காட்டுக்கு மேல இருக்காரு. இங்கே டிரைவர் ஷைஜு சும்மாதானே இருக்கான். அவனுக்கும் மெயில் உண்டு."

சீதாவின் காது சூடாகியது.

"செல்வின் சார்தான் வேணும்," என்றாள்.

"ஓ," என்றார் ராஜையன். அந்த ஓ மெதுவாக வந்தது. ஸ்பீக்கரை அவர் கையால் பொத்தியிருக்க வேண்டும்; அடுத்த வார்த்தைகள் பஞ்சுக்குள்ளிருந்து வந்தன. "மனசிலாச்சு மோளே. ஆளை விட்டுச் சொல்லுதேன். மழையாக்கும், கொஞ்சம் நேரமாகும்."

நேரமாகியது. அடிபிடித்த மொளகூட்டலை அப்பாவும் பெண்ணும் சாப்பிட்டார்கள். இரண்டு மணி. இரண்டரை. சீதா வேறு ஏழு டிக்கெட்டுகளை முடித்தாள். எதை முடித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைகள் ஸ்ரீவராகத்தில் இருந்தன. மற்றதெல்லாம் ஒரு தேயிலைச் சரிவில், நனைந்த ஒற்றையடிப் பாதையில், யாரோ இறங்கி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றரை ஆனது. ஜீப் நேரம். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு, யார் எப்போது உள்ளே நுழைகிறார்கள் என்று காட்டும் பட்டியலில் ஒரு வரி புதிதாக முளைத்தது. செல்வின். வெள்ளையருவி எஸ்டேட் ஆபீஸ். அனுமதிக்கப்பட்டது.

அவன் உள்ளே இருந்தான். முப்பது மைலுக்கு அப்பால், ஈர உடையோடு, அவள் எழுத்தின் முன்னால். அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், அவனுக்குக் கேட்டுவிடுமோ என்பது போல.

நாலேகால். பதில் இல்லை. நாலரை. இல்லை. நாலே முக்காலுக்கு ஜிஜி ஒரு செய்தி அனுப்பினாள். வெள்ளையருவி மெயில்பாக்ஸ் இன்று மூடியே ஆக வேண்டும், ஆடிட்டுக்குக் கணக்குக் கொடுக்கணும், மறக்காதே.

சம்மதம் என்றாலும் இப்போது காலம் கடந்துவிட்டது என்று நினைக்கிறானோ? படித்துவிட்டு எழுந்து ஜீப்பில் ஏறிவிட்டானோ? உள்ளே நுழைந்ததைத்தான் பட்டியல் சொல்லும். வெளியே போனதை அது சொல்வதில்லை.

நாலு ஐம்பத்தேழுக்கு டிக்கெட் ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியவர் ராஜையன். அவசரம் என்ற கட்டத்தில் அவரால் முடிந்த மிகப் பெரிய குறியை இட்டிருந்தார்.

*செல்வின் சார் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாக டைப் செய்கிறார். ஒரு விரலால்தான் அடிக்கிறார். பாதியை அழிக்கிறார். ஷைஜு ஜீப்பில் தூங்கிவிட்டான். ஆகையால் மேற்படியாரின் மெயில்பாக்ஸைத் தயவுசெய்து ஐந்து மணிக்கு மூடாமலிருக்கக் கோருகிறேன்.*

சீதா அதைப் படித்தாள். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்து அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. எட்டு வருஷ வேலையில் ஒரு டிக்கெட்டைக்கூட அவள் நேரம் தவறவிட்டதில்லை. ஜிஜியின் டிக்கெட்டைத் திறந்து, நிறுத்திவைக்கவும் என்பதை அழுத்தினாள். காரணம் எழுதாமல் அது விடாது. காலியாக இருந்த கட்டத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடித்தாள்: *உரிமையாளர் இன்னும் உள்ளே இருக்கிறார்.*

ஐந்து இரண்டுக்குப் போன் அடித்தது. ஜிஜி. மேஜையில் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை எடுத்தது. அப்பா எப்போது மாடி ஏறினார் என்றே அவளுக்குத் தெரியாது.

"ஜிஜி அல்லே?" என்றார் சேஷன், மின்வாரியக் காலத்துக் குரலில், மலையாளத்தில். "ஞான் சீதயுடெ அச்சனா. அவள் ஒரு டெஸ்டிங்கிலா மோளே. பத்து மினிட் கழிஞ்ஞு விளிக்கூ."

பத்து நிமிஷம் கேட்டவர், போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"நான் இப்பவும் வேண்டாம்னுதான் சொல்லப்போறேன்," என்றார்.

"தெரியும்ப்பா."

"ஒரு விரலாலயா அடிக்கறான்?"

"ஆமாம்ப்பா."

சேஷன் தலையை ஆட்டிக்கொண்டார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்து ஏழு. இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.